இஎஸ்பி32-இல் மண் ஈரம் அளக்கிறீர்களா? வைஃபை போட்டதும் அளவு நின்றுபோனால் இதைப் பாருங்கள்

இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள, நிரல் ஏற்றக்கூடிய சின்னச் சுற்றுப்பலகை), கெப்பாசிடிவ் வகை மண் ஈரப்பத சென்சார், மூன்று ஜம்பர் வயர், டேட்டாவும் செல்லும் யுஎஸ்பி கேபிள். இவ்வளவு போதும். முள்கரண்டி மாதிரி இரண்டு கால்களோடு மலிவாகக் கிடைக்கும் ரெசிஸ்டிவ் சென்சார் பக்கமே போகாதீர்கள். ஈர மண்ணில் அதன் வழியே மின்சாரம் பாய்வதால் செம்பு அரிக்கும். அரிக்க அரிக்க அளவும் நகர்ந்துகொண்டே போகும்.

நிரல் எழுதிப் போர்டில் ஏற்ற உதவும் ஆர்டுயினோ ஐடிஇ மென்பொருளில் போர்டு மேனேஜரைத் திறந்து இஎஸ்பி32 தொகுப்பை நிறுவுங்கள். அப்லோடு செய்யும்போது 'கனெக்டிங்' என்று புள்ளிகள் மட்டும் நீண்டுகொண்டே போனால், போர்டிலுள்ள பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். எழுதத் தொடங்கியதும் விட்டுவிடலாம். போர்ட்டே தெரியவில்லை என்றால் டிரைவரைத் தேடும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்தான் பாதி நேரம் குற்றவாளி.

சென்சாரின் விசிசியை (மின்சாரம் வாங்கும் முனை) 3.3 வோல்ட்டிலும், கிரவுண்டை கிரவுண்டிலும், சிக்னல் வயரை போர்டின் ஜிபிஐஓ 34 என்ற பின்னிலும் (இணைப்புக் கால்) செருகுங்கள்.

ஏன் 34? எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். இஎஸ்பி32-க்குள் இரண்டு ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) உண்டு. 4, 25, 26, 27 போன்ற பின்கள் இரண்டாவதைச் சேர்ந்தவை. வைஃபை ஓடும்போது அந்த ஏடிசியை வைஃபையே எடுத்துக்கொள்கிறது. சோதனை நிரலில் 25-ஆம் பின் ஒழுங்காக வேலை செய்யும். வைஃபை வரிகளைச் சேர்த்ததும் அளவு உளறும். நிரலை எத்தனை முறை புரட்டினாலும் பிழை அகப்படாது, ஏனென்றால் பிழை வயரைச் செருகிய இடத்தில் இருக்கிறது. முதல் ஏடிசியின் 32 முதல் 39 வரையான பின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. (இஎஸ்பி32-எஸ்3 போர்டு என்றால் கணக்கு வேறு: அங்கே 1 முதல் 10 வரை.)

அடுத்து அளவைச் சீராக்குவது. அனலாக் மதிப்பு 0 முதல் 4095 வரை வரும். ஈரம் கூடினால் எண் குறையும். சென்சாரைக் காற்றில் பிடித்து 10 முறை படித்துச் சராசரி எடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில், கோடு போட்ட இடம் வரை மட்டும் இறக்கி மறுபடி எடுங்கள். காற்றில் 2800, நீரில் 1300 என வந்தால், ஒரு எண் வரம்பை இன்னொன்றாக மாற்றும் மேப் கட்டளையில் 2800-க்கு 0, 1300-க்கு 100 என்று கொடுங்கள். அடுத்தவர் எண்ணைக் காப்பி அடிக்க வேண்டாம். சென்சாருக்குச் சென்சார் மாறும்.

மண்ணில் நடும் முன் சென்சாரின் வெட்டு விளிம்புகளில் நகப்பூச்சு இரண்டு கோட் அடியுங்கள். இல்லையென்றால் ஓரம் வழியே நீர் ஊறும்.

பின்சேர்க்கை: '34-இல்தான் செருகினேன், தண்ணீரில் வைத்தாலும் எண் அசையவில்லை' என்பவர்கள் சென்சாரில் இருக்கும் எட்டுக்கால் சிப்பை உற்றுப் பாருங்கள். டிஎல்சி555 என்றால் 3.3 வோல்ட்டில் ஓடும். என்இ555 என்றால் குறைந்தது 4.5 வோல்ட் கேட்கும். அதற்காக 5 வோல்ட்டில் செருகிவிடாதீர்கள், சிக்னல் 3.3 வோல்ட்டைத் தாண்டினால் இஎஸ்பி32-இன் அந்தப் பின் கெட்டுப்போய்விடும். சென்சாரையே மாற்றிவிடுங்கள்.