சாயம் பூசிய தலைக்கு ஜெல் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சாயம் பூசிய தலைக்கு ஜெல்லோ ஸ்பிரேயோ வாங்கும்போது, போத்தலின் முன்புற வாக்குறுதிகளை விட்டுவிட்டு, பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அதிக அளவில் உள்ள பொருளே அதில் முதலில் வரும்.

தலைமயிரைப் படிய வைத்து நிறுத்துவது பொலிமர் என்னும் பிசின் போன்ற பொருள்தான். அது காய்ந்ததும் இழைகளின் மேல் மெல்லிய படலமாகி அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. 'பிவிபி' என்னும் பொலிமர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும் இயல்புடையது என்பதால், கடற்காற்று வீசும் யாழ்ப்பாணத்தில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மாரியில், ஈரத்தை அதைவிடக் குறைவாக உறிஞ்சும் 'விபி/விஏ கோபொலிமர்' சேர்ந்ததையே நான் பரிந்துரைப்பேன். பட்டியலின் தொடக்கத்திலேயே 'அல்கஹோல் டெனட்' (குடிக்க முடியாதபடி மாற்றிய அல்கஹோல்) இருந்தால் விரைவாக உலரும். ஆனால் சாயத்தால் ஏற்கெனவே வறண்ட மயிர் மேலும் வறளக்கூடும்.

நிறத்தைப் பொறுத்தவரை, 'பென்சோபீனோன்-4' போன்ற புற ஊதாக்கதிர் வடிகட்டிகள் கழுவாமல் விடும் கிரீமில் இருந்தால்தான் ஓரளவு பயன் தரும். ஷாம்பூவில் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். நிறத்தைப் பெரிதும் கரைப்பது அடிக்கடி முழுகுவதே. மேலும், எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரிலுள்ள கல்சியம் மயிரில் படிந்து, தொட்டால் சொரசொரப்பாகவும் பார்வைக்கு மங்கலாகவும் ஆக்கிவிடும். ஆகவே, கல்சியம் போன்ற உலோகங்களின் அயன்களைப் (மின்னேற்றம் பெற்ற அணுக்களைப்) பிடித்து அகற்ற உதவும் 'டைசோடியம் ஈடிடிஏ' சேர்ந்த ஷாம்பூவைத் தேடுங்கள். கடைசியாக அலசுவதற்காவது, தொட்டியில் சேமித்த மழைத்தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.