வெயில் சதமடித்தால் வெப்ப அலையா? 'அலை' விஷயத்தில் நாம் போடும் தப்புக்கணக்குகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் வேலூர்க்காரர்கள் பேப்பரில் முதலில் தேடுவது வெயில் கணக்கைத்தான். 'வேலூரில் வெயில் சதம்' என்று போட்டிருந்தால் போதும், 'வெப்ப அலை ஆரம்பிச்சிடுச்சு' என்று டீக்கடையில் பேச்சு கிளம்பிவிடும். அங்கேயே முதல் தவறு. சதம் என்பது 100 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 37.8. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்குப்படி, சமவெளியில் வெப்ப அலை என்று சொல்ல குறைந்தது 40 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அதாவது 104 ஃபாரன்ஹீட். அதுவும் போதாது. அந்த ஊரில் அந்தச் சமயத்தில் வழக்கமாக அடிக்கும் வெயிலைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 6.4 டிகிரிக்கும் மேல் கூடினால் கடுமையான வெப்ப அலை. 45 டிகிரியைத் தொட்டுவிட்டால் வழக்கம் என்ன என்று பார்ப்பதில்லை, அது வெப்ப அலைதான். ஒரு ஊரில் ஒரு நாள் கொளுத்தியதற்காக அறிவிக்கவும் மாட்டார்கள். வானிலை உட்கோட்டத்தில் (கணிப்புக்காக மையம் பிரித்துவைத்திருக்கும் பெரிய பகுதி) இரண்டு நிலையங்களிலாவது, தொடர்ந்து இரண்டு நாள் அப்படி இருக்க வேண்டும்.

வேலூரின் மே மாத வழக்கம் 39 டிகிரி என்று வைத்துக்கொண்டால், வெப்ப அலைக்கு 43.5 வேண்டும். ஃபாரன்ஹீட்டில் 110. கத்திரியில் நாள் தவறாமல் 104, 105 என்று வறுத்தெடுத்தும் அறிவிப்பு வராமல் போவதற்குக் காரணம் இதுதான். யாரும் எதையும் மறைக்கவில்லை.

இதிலிருந்து இன்னொரு தவறு பிறக்கிறது, அதுதான் ஆபத்தானது: 'அறிவிப்பு வரலையே, அப்புறம் என்ன?' என்று மத்தியானம் வேலையைத் தொடர்வது. ஊரின் சராசரி என்ன என்று உடம்புக்குத் தெரியாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் கூடினால் 38 டிகிரியிலும் அது நடக்காது. தகரக் கூரைக்குக் கீழே பீடி சுற்றுபவருக்கும் கட்டட வேலையில் சென்ட்ரிங் கம்பி கட்டுபவருக்கும் வானிலை நிலையத்தில் நிழலில் எடுக்கும் அளவு பொருந்தவே பொருந்தாது. ராத்திரியும் சூடு இறங்காவிட்டால் அடுத்த நாள் இன்னும் மோசம். வெயிலில் இருந்தவருக்குப் பேச்சு குழறினால், ஆள் தடுமாறினால், 108-ஐக் கூப்பிட்டுவிட்டு நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றுவதுதான் நம்மில் பலர் பதற்றத்தில் செய்வது. செய்யாதீர்கள், புரையேறிவிடும்.

சரி, இதில் அலை எங்கே இருக்கிறது? முகடும் அகடுமாக எதுவும் உருண்டு வருவதில்லை. மேலே உயர் அழுத்தம் நிலைகொள்ளும்போது காற்று கீழே இறங்குகிறது, இறங்க இறங்க அமுங்கிச் சூடாகிறது. மேகம் சேராது. மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வேறு. கடலிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே இருக்கும் நமக்குக் கடற்காற்று தாமதமாகத்தான் வரும், சில நாள் வரவே வராது. 'மரமில்லா மலை' என்று நம் ஊரைக் கேலி பேசுவார்களே, அந்தப் பாறைகளும் தங்கள் பங்குக்குப் பொழுது சாய்ந்த பிறகும் அனலைக் கக்கும்.

நிஜமான அலையிலும் தப்புக்கணக்கு உண்டு. அலையோடு தண்ணீரும் பயணம் செய்கிறது என்பது அதில் பழையது. காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பிக் கோடி போகிற (உபரித் தண்ணீர் வழிகிற) சமயத்தில், காற்று அதிகம் இல்லாத நேரமாகப் பார்த்து, மிதக்கும் ஒரு சருகைக் கவனியுங்கள். அலை வரும்போது மேலேறி, கொஞ்சம் முன்னால் போய், இறங்கி, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடும். கரைக்கு வருவது ஆற்றல். அது வந்து மோதும் வேகத்தில் மண்கரை அரித்துப் போய்விடக் கூடாது என்றுதான் ஏரியின் உள்பக்கச் சரிவில் அலைகல் பதித்தார்கள்.

ஆனால் இதை அப்படியே சுனாமிக்குப் பொருத்தினால் உயிருக்கே ஆபத்து. 4 கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அங்கே அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட இருக்காது, படகில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கரையை நெருங்கும்போது வேகம் குறைந்து உயரம் கூடி, தண்ணீரே ஊருக்குள் பாய்கிறது. ஒரே ஒரு அலையோடும் முடியாது. முதல் அலைதான் பெரியது என்றும் இல்லை. அது வடிந்ததும் கரைக்குத் திரும்பக் கூடாது.

தரைக்குள் போகும் அலைகளுக்கும் வருவோம். 2021 கடைசியில் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் நிலம் அதிர்ந்தது நினைவிருக்கும். இந்த மாதிரி சின்ன அதிர்வுகளில் முதலில் 'டம்' என்று ஒரு சத்தம், பிறகு ஆட்டம் என்று வரலாம். முதலில் கேட்டது குவாரி வெடி, ஆடியது வேறு ஏதோ என்று பிரித்து நினைத்துவிடுகிறோம். இரண்டும் ஒரே அதிர்விலிருந்து கிளம்பியவைதான். சத்தத்தைக் கொண்டுவரும் முதன்மை அலை பாறையில் நொடிக்கு சுமார் 6 கிலோமீட்டர் ஓடும், ஆட்டிவைக்கும் இரண்டாம் நிலை அலை சுமார் 3.5 கிலோமீட்டர்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி என்றால் அதிர்வு தோன்றிய இடம் உங்களிடமிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர்.

கோடை மழையில் மின்னலைப் பார்த்துவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் இதே கணக்குத்தான். எண்ணியதையே கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். ஒலி நொடிக்கு சுமார் 350 மீட்டர்தான் போகும், அதனால் மூன்றால் வகுக்க வேண்டும். ஒன்பது எண்ணினால் இடி இருப்பது ஒன்பது கிலோமீட்டரில் இல்லை, மூன்றில்.

வைத்தியத்துக்காக வெளிமாநிலங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வரும் ஊர் இது, ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை 'கதிர்' என்று பயப்பட வேண்டியதில்லை, அது காதுக்கு எட்டாத ஒலி அலை. எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும்தான் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் கதிர்கள். எம்.ஆர்.ஐ. இதில் சேராது, காந்தமும் ரேடியோ அலையும்தான்.

கடைசியாக, தேர்தல் அலை. எத்தனை இடம் ஜெயித்தார்கள் என்று பார்த்து அலையின் உயரத்தை அளப்பது இதில் வழக்கமான பிழை. நம் தேர்தல் முறையில் மற்றவரைவிட ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் முழு இடமும் கிடைத்துவிடும். ஆகவே ஓட்டு விகிதத்தில் உள்ள வித்தியாசம் இடக்கணக்கில் பன்மடங்காகத் தெரியும். 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38 தி.மு.க. கூட்டணிக்குப் போயின. அந்த 38-ல் வேலூரும் ஒன்று. ஆனால் இங்கே வித்தியாசம் 8,141 ஓட்டுதான். மற்ற பல இடங்களில் லட்சக்கணக்கில் ஜெயித்தார்களே, வேலூருக்குள் அலை நுழையவில்லையா என்று அப்போது கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் ஒரு கோளாறு இருக்கிறது. ஏப்ரல் 18-ல் நடக்க இருந்த வேலூர் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5-ல்தான் வாக்குப்பதிவு நடந்தது. அதற்குள் டெல்லியில் ஆட்சி அமைந்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது. பிரதமர் யார் என்ற கேள்வி தீர்ந்த பிறகு போட்ட ஓட்டையும், தீருமுன் போட்ட ஓட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.