விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: முதல் வேலை விண்டோஸுக்குள்தான்

டூயல் பூட், அதாவது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள், என்றதும் பலரும் நேராக பென் டிரைவைத் தேடப் போய்விடுகிறார்கள். மின்ட் இன்ஸ்டால் ஆவது சுலபம். அதற்கு முன்னால் விண்டோஸுக்குள் முடிக்கவேண்டியதை முடிக்காமல் விடும்போதுதான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறோம், அதனால் அந்தப் பகுதியைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸ் 11 அப்படியே இருக்கவேண்டும், கூடவே மின்ட்டும் வேண்டும், அதுதான் கணக்கு.

முதலில் முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் பிட்லாக்கர், டிஸ்கில் இருப்பதை மறைகுறியாக்கிப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. ஹோம் பதிப்புதானே, நமக்கு ஏது பிட்லாக்கர் என்று இருந்துவிட வேண்டாம், 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அங்கேயும் டிஸ்க் பூட்டியிருக்கலாம். 48 இலக்க ரெக்கவரி கீயை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன்பிறகு செட்டிங்ஸில் அந்த என்கிரிப்ஷனை அணைத்து, முழுசாகத் திறந்து முடியும்வரை காத்திருங்கள். பயாஸில் (விண்டோஸ் கிளம்புவதற்கு முன்பே திறக்கும் கணினியின் அடிப்படை செட்டிங்ஸ்) எதையாவது மாற்றியபின் நீலத் திரை வந்து அந்தக் கீயைக் கேட்டால், கீ இல்லாதவருக்கு டிஸ்கில் இருப்பது எதுவும் கிடைக்காது.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பையும் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், மின்ட்டிலிருந்து சி டிரைவில் எதையும் எழுத முடியாது.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். சி டிரைவில் ரைட் கிளிக், 'ஷ்ரிங்க் வால்யூம்'. குறைந்தபட்சம் 20 ஜிபி என்கிறார்கள், 100 ஜிபி கொடுத்தால் நிம்மதி. கிடைத்த காலி இடத்தை ஃபார்மட் செய்யாமல் அப்படியே விடுங்கள்.

இன்டெல் லேப்டாப்பாக இருந்து, இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியவில்லையா? பயாஸில் ஸ்டோரேஜ் ஆர்எஸ்டி என்ற இன்டெல் முறையில் இருக்கலாம். உடனே ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போய்விடும். விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) திறந்து 'சேஃப் பூட்' டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுத்து, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் விண்டோஸுக்குள் போய்விட்டு, பிறகு அந்த டிக்கை எடுத்தால் போதும்.

இனி மின்ட்டின் இன்ஸ்டால் ஃபைலை ரூஃபஸ் என்ற மென்பொருள் வைத்து ஏற்றி பென் டிரைவ் தயார் செய்யுங்கள், பார்ட்டிஷன் முறை ஜிபிடி. டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 தட்டி பென் டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டாலரில் விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். அது வராமல் 'சம்திங் எல்ஸ்' வழியாகப் போனால், காலி இடத்தில் மின்ட் உட்காரும் ரூட் (/) பார்ட்டிஷன் உருவாக்குங்கள். ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்துவிடாதீர்கள், விண்டோஸ் கிளம்புவதே அதிலிருந்துதான்.

எல்லாம் முடிந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடலாம். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் யூடிசியாக (உலகப் பொது நேரம்) வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். மின்ட் டெர்மினலில் timedatectl set-local-rtc 1 என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு, விண்டோஸில் நேரத்தை ஒருமுறை சரிசெய்தால் தீர்ந்தது.

என்றாவது விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு வராமல் நேராக விண்டோஸே திறந்தால் பதறி மறுபடி இன்ஸ்டால் செய்யவேண்டாம், பெரும்பாலும் பூட் வரிசைதான் மாறியிருக்கும். பயாஸ் பட்டியலில் மின்ட் என்று தேடினால் கிடைக்காது, அது அங்கே 'உபுண்டு' என்ற பெயரில்தான் இருக்கும். அதை முதலிடத்துக்கு ஏற்றி சேவ் செய்யுங்கள்.