மணல் தோட்டத்துக்குத் துணைச்செடிகள்

மண்டபம், உச்சிப்புளி பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரியும் பத்து முண்டு மிளகாயும் வைத்திருக்கிறீர்களா? தண்ணீர் ஊற்றியும் ஒரு செடி மதியத்தில் துவண்டு, மஞ்சளடித்து நின்றால் அதைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். வேரே முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது நூற்புழுவின் வேலை, மண்ணில் இருந்து வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத பொடிப் புழு. (பயறு வேரில் இருக்கும் முடிச்சு வேறு, அது விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும், மண்ணுக்கு நல்லதும்கூட.) நம் கடற்கரை மணல் இந்தப் புழுவுக்கு ரொம்ப வசதி.

இதற்குத் துலுக்கச் செவ்வந்திதான் (செண்டுமல்லி) என் முதல் சிபாரிசு. ஆனால் ஓரத்தில் அழகுக்கு இரண்டு செடி வைத்தால் பலனில்லை. அடுத்து காய்கறி போடப்போகும் பாத்தி முழுக்க நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் வளர்த்து, பிறகு அப்படியே மண்ணில் கொத்திவிடுங்கள். அதன் வேரில் உள்ள பொருள்தான் நூற்புழுவைக் கட்டுப்படுத்துகிறது.

செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினிக்கு, வேலி ஓரமாகத் தட்டைப்பயறு ஊன்றுங்கள். அதன் நுனியில் கறுப்பாக அசுவினி அப்பியதும் பதறி மருந்தடிக்க வேண்டாம், அதைத் தின்னத்தான் பொறிவண்டு வரும், அங்கேயே முட்டையிட்டுப் பெருகி மிளகாய்க்கும் போகும். குட்டி முதலை மாதிரி, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஊர்வது பொறிவண்டின் புழு. தெரியாமல் அதைத்தான் நிறையப் பேர் நசுக்கிவிடுகிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கும்.

துளசி, கொத்தமல்லி, சோம்பு எல்லாம் வையுங்கள், ஆனால் பூக்க விடுங்கள். வாசனை பூச்சியை விரட்டும் என்பதைவிட, அந்தப் பூவுக்கு வரும் சின்னக் குளவிகள் புழுக்களை ஒழிப்பதுதான் பெரிய லாபம். கத்தரித் தண்டுத்துளைப்பானை மட்டும் எந்த வாசனைச் செடியும் நிறுத்தாது. வாடித் தொங்கும் நுனியைப் புழுவோடு கிள்ளி எரித்துவிடுங்கள்.

அதற்கும் மிஞ்சினால் வேப்பங்கொட்டைக் கரைசல். கொட்டைக்குள் இருக்கும் பருப்பை 50 கிராம் எடுத்து இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சேருங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும், அதனால் மழைநீரோ குடிதண்ணீரோ எடுங்கள். வெயிலில் இதன் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம் அடிக்க வேண்டும், இலையின் அடிப்பக்கமும் நனையட்டும். கொட்டையை ஆனி, ஆடியிலேயே பொறுக்கி நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டி வைத்தால் மிளகாய் நடும் பருவத்துக்குக் கையில் இருக்கும்.