டார்க் கிரே அடிக்கப் போறீங்களா? முதல்ல ஒரு சார்ட் பேப்பர் வாங்குங்க

ஹால்ல ஒரு சுவத்துக்கு டார்க் கிரே அடிக்கணும்னு ஆசையா இருந்தா, ஷேட் கார்டுல இருக்கற தீப்பெட்டி சைஸ் கட்டத்தைப் பாத்து முடிவு பண்ணிடாதீங்க, நான் அப்படித்தான் பண்ணேன், கடையில கரி கலர்ல அழகா இருந்தது எங்க வீட்டு டியூப்லைட்ல நீலமா, ஸ்கூல் யூனிஃபார்ம் பேன்ட் மாதிரி ஆயிடுச்சு. கிரேன்னு சொன்னாலும் உள்ளுக்குள்ள நீலம், பச்சை, ஊதான்னு ஏதாவது ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், வெள்ளை பேப்பர் பக்கத்துல வெச்சா அது வெளிய வந்துடும். கெல்வின்னா லைட்டோட நிறத்தைச் சொல்ற அளவு; 6500 கெல்வின் வெள்ளை லைட்ல நீல கிரே இன்னும் நீலமாகும், 3000 கெல்வின் மஞ்சள் லைட்ல அதே பெயிண்ட் சாந்தமாயிடும்.

அதனால சின்ன டப்பா வாங்கி சார்ட் பேப்பர்ல ரெண்டு கோட் அடிச்சு, காய்ஞ்சப்புறம் சுவத்துல ஒட்டி காலைல, சாயங்காலம், ராத்திரி லைட் போட்டுன்னு மூணு வேளையும் பாருங்க. எல்ஆர்வின்னு ஒரு நம்பர் இருக்கு, சுவர் எவ்ளோ வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்னு சொல்றது, 0 கருப்பு, 100 வெள்ளை; பக்கத்து பில்டிங் ஒட்டி நிக்கற தி.நகர், மயிலாப்பூர் ஃபிளாட்டுல 10க்குக் கீழ போனா பகல்லயே லைட் போட வேண்டியதுதான்.

ஃபினிஷ் மேட் போதும், பளபளப்பு இருந்தா பட்டி பாத்த மேடு பள்ளம் எல்லாம் காட்டிக் குடுத்துடும். அப்புறம் பாத்ரூமை ஒட்டின சுவர்னா வேண்டவே வேண்டாம், நம்ம ஊர் ஐப்பசி மழைல ஓதம் ஏறி உப்பு பூத்தா டார்க் கிரேல திட்டுத் திட்டா வெள்ளையா தெரியும்.