தையலுக்குப் பதில் ஸ்ட்ரிப்: புதிதாக ஒட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகள், ஓசூர் கம்பெனிகளில் முதலுதவி அறையைப் பார்த்துக்கொள்பவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என யார் கையில் ஸ்டெரி ஸ்ட்ரிப் (வெட்டின் ஓரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய ஒட்டுப்பட்டை) அட்டையைக் கொடுத்தாலும் அதே நாலைந்து தவறுகள்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன. கையுறை போடுங்கள், பாக்கெட்டில் தேதி பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடலாம். தெரிந்தவர்களும் கோட்டை விடும் இடங்கள் வேறு.

தையல் கேட்கும் காயத்தில் ஸ்ட்ரிப் ஒட்டுவது

ஸ்ட்ரிப் தோலின் மேல்பரப்பை மட்டும்தான் பிடிக்கும். அடியில் கொழுப்பும் தசையும் பிளந்திருந்தால், மேலே எவ்வளவு அழகாக மூடினாலும் உள்ளே ஒரு பை விழுந்து ரத்தம் தேங்கும். சீழ் பிடிப்பது அங்கேதான். நெற்றி, கன்னம், முன்கை போன்ற இடங்களில் நேராக, ஆழமில்லாமல், ரத்தம் நின்று, ஓரம் நசுங்காமல் இருக்கும் வெட்டுதான் ஸ்ட்ரிப்புக்கு ஏற்றது. முழங்கால், முழங்கை, விரல் மூட்டு மடங்கும் இடங்கள் என்பதால் ஒரே நாளில் பிய்ந்துவிடும். உள்ளங்கை, பாதம், அக்குள் வியர்க்கும் இடங்கள். தலையில் முடி. உதட்டின் சிவப்பு ஓரத்தை வெட்டு தாண்டியிருந்தால் தொடவே தொடாதீர்கள். அங்கே கோடு 1 மி.மீ. பிசகினாலும் ஆயுசுக்கும் தெரியும், அதைத் தையல் போடத் தெரிந்த டாக்டர்தான் சேர்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: அரிவாள் வெட்டு. ராகி அறுக்கும்போதும் மல்பெரிக் கிளை வெட்டும்போதும் வலது கையில் அரிவாள் இருக்கும், இடது கை தண்டைப் பிடித்திருக்கும். வெட்டு இடது ஆள்காட்டி விரலில் விழும். வெளியே பார்த்தால் ஒன்றரை செ.மீ. காயம், ஸ்ட்ரிப்புக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். அடியில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அறுந்திருக்கலாம். ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக, உங்கள் விரலை எதிர்த்து மடக்கவும் நீட்டவும் சொல்லுங்கள். பாதி அறுந்த நாணிலும் விரல் மடங்கும், ஆனால் எதிர்த்து அழுத்தும்போது வலிக்கும், வலு குறையும். நுனியின் இரு பக்கமும் தொட்டு உணர்ச்சி கேளுங்கள். மரத்துப்போகும் ஊசி போடுவதாக இருந்தால் அதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் கழுவி, ஈரக் காஸ் துணி வைத்துக் கட்டி, தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கழுவாமல் மூடுவது

காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, வெட்டுக்காயப் பூண்டுச் சாறு என்று ஏதாவது ஒன்று அப்பித்தான் பாதிப் பேர் வருகிறார்கள். ரத்தத்தை நிறுத்த அவர்களுக்குக் கிடைத்தது அது, அதற்காக யாரையும் திட்ட வேண்டாம். ஆனால் ஒரு துகள் மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும். காயத்தின் நீளம் 1 செ.மீ. என்றால் 50 முதல் 100 மி.லி. தண்ணீர் என்பது கணக்கு. 3 செ.மீ. வெட்டுக்கு 300 மி.லி. வரை போகும். பஞ்சை நனைத்து ஒற்றுவது கழுவுவது ஆகாது. 20 மி.லி. சிரிஞ்சில் டிரிப் ஏற்றப் பயன்படும் 18 கேஜ் கேனுலாவின் பிளாஸ்டிக் குழாயை மாட்டிப் பீய்ச்சுங்கள், அந்த அழுத்தம்தான் அழுக்கைப் பெயர்க்கும். நார்மல் சலைன் (மருத்துவ உப்புநீர்) இல்லையென்றால் குடிக்கிற தண்ணீர் போதும், குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர் தாராளமாக ஆகும். ஸ்பிரிட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் காயத்துக்குள் ஊற்றினால் ஆற வேண்டிய திசுவே வெந்துவிடும்.

கிரானைட் அறுக்கும் இடத்திலும் ஜல்லி கிரஷரிலும் பட்ட காயங்களில் கல்தூள் தோலுக்குள் ஏறியிருக்கும். அதை விட்டு மூடினால் பச்சை குத்தியது போல நீலக்கறையாக நிலைத்துவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு. முதல் நாளே எடுக்க வேண்டும். கண்ணாடிக் காயம் என்றால் எக்ஸ்ரே பார்க்காமல் மூடாதீர்கள், கண்ணாடித் துண்டு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும்.

ஈரத்தோலில் ஒட்டுவது

ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் ஸ்ட்ரிப் மிதந்து வந்துவிடும். முதலில் காஸ் வைத்து 10 நிமிடம் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். பிறகு சுற்றிலும் 5 செ.மீ. தோலைத் துடைத்துக் காயவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய தோல் என்றால் ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள், காயத்துக்குள் போகாமல். டிங்ச்சர் பென்சாயின் (ஸ்ட்ரிப் நன்றாகப் பிடிக்கத் தோலில் தடவும் பிசின் கரைசல்) இருந்தால் காயத்தின் இருபுறமும் மெல்லிய பூச்சாகத் தடவி, விரலில் ஒட்டும் பதம் வரும்வரை 2 அல்லது 3 நிமிடம் பொறுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிக்காது. காயத்துக்குள் ஒழுகினால் எரியும், குழந்தை அதன்பிறகு கையைக் காட்டாது.

இழுத்து ஒட்டுவது

பார்த்துப் பார்த்து இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். ஒட்டுகிறவருக்கு இது தவறு என்றே தெரிவதில்லை. நன்றாக இறுக்கமாக ஒட்டியதாகத் திருப்தியோடு அனுப்புகிறார். காயம்பட்டவருக்கும் அன்றைக்குத் தெரியாது. இரண்டாம் நாள்தான் தெரியும்.

வாய் பிளந்த வெட்டைப் பார்த்ததும் ஸ்ட்ரிப்பின் ஒரு முனையை ஒரு பக்கம் ஒட்டி, மறுமுனையைப் பிடித்து இழுத்து, அந்த இழுப்போடு மறுபக்கம் அழுத்துகிறார்கள். வாய் மூடிக்கொள்கிறது. ஆனால் ஸ்ட்ரிப்புக்குள் நீளவாக்கில் வலுவான இழைகள் ஓடுகின்றன, அது அதிகம் நீண்டு கொடுக்காது. இழுத்த வலு முழுவதும் இரண்டு முனையிலும் உள்ள தோலுக்குப் போய்ச் சேர்கிறது. மேல்தோல் ஸ்ட்ரிப்போடு காயத்தை நோக்கிப் போகப் பார்க்கிறது, அடித்தோல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே பிரிந்து நீர் கோக்கிறது. அடிபட்ட இடம் முதல் 48 மணி நேரத்தில் வீங்கவும் செய்யும். ஒட்டும்போது கொஞ்சமாக இருந்த இழுப்பு வீக்கத்தோடு சேர்ந்து கூடிவிடுகிறது.

கன்னத்தில் கீறல் பட்ட ஒரு பள்ளிச் சிறுமிக்கு வேறு ஓர் இடத்தில் ஐந்து ஸ்ட்ரிப் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். வெட்டு முடிக்கோடாக ஆறிவிட்டது. ஸ்ட்ரிப் முடிந்த இடங்களில் மட்டும் இரண்டு பக்கமும் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். கொப்புளம் உடைந்த இடம் அது. நம் நிறத் தோலில் அந்தக் கறை மாதக்கணக்கில் நிற்கும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். அந்தத் தாய் வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, புள்ளி எப்போது போகும் என்பதைத்தான் கேட்டார். இன்னொருவர் பாலக்கோடு பக்கம் தக்காளி கிரேட் ஏற்றும் இளைஞர். கிரேட்டின் ஓரம் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கிழித்துவிட்டது. இறுக்கி ஒட்டிய காலோடு நாள் முழுக்க நின்று வேலை பார்த்தார். வெட்டு ஆறியது, உடைந்த கொப்புளத்தில் சீழ் வைத்தது.

கொப்புளத்தைக் கண்டதும் ஆன்டிபயாடிக் எழுதுவது அடுத்த தவறு. எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்ட்ரிப்பின் முனைகளில், வெட்டுக்கு 2, 3 செ.மீ. தள்ளி இருந்தால் அது இழுப்பு. ஸ்ட்ரிப் படிந்த இடம் முழுக்க அதே வடிவத்தில் அரிப்போடு சிவந்தால் ஒவ்வாமை. பென்சாயின் தடவிய எல்லைவரை சிவந்தால் பென்சாயின்தான் காரணம். வெட்டின் ஓரமே சிவந்து, சூடாகி, நாளுக்கு நாள் வலி கூடி, நீர் கலங்கி வந்தால் மட்டுமே தொற்று.

சரியான முறையில், காயத்தை மூட வேண்டியது உங்கள் விரல்கள். மூடியதை அப்படியே வைத்திருப்பது மட்டும்தான் ஸ்ட்ரிப்பின் வேலை.

அட்டையின் ஓரத்துண்டைக் கிழித்தால் ஸ்ட்ரிப்பின் முனைகள் தனியாக நிற்கும். ஃபோர்செப்ஸால் (சிறு இடுக்கி) முனையைப் பிடித்து அட்டையோடு சாய்த்து உரியுங்கள், நேர்மேலே வெடுக்கென்று இழுத்தால் சுருண்டு தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். முகத்துக்கு 3 மி.மீ. அகலம், கை காலுக்கு 6 மி.மீ., நீளமான வெட்டுக்கு 12 மி.மீ. முதல் ஸ்ட்ரிப் வெட்டின் நடுவில். பாதியை ஒரு பக்கம் ஒட்டி அழுத்துங்கள். இப்போது இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு ஓரத்தையும் கொண்டுவந்து சேருங்கள். தொட்டால் போதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, உள்ளே மடங்கவும் கூடாது. சேர்ந்து நிற்கும்போதே மறுபாதியைத் தளர்வாக மேலே படிய வையுங்கள். ஸ்ட்ரிப்பில் துளி இழுப்பும் வேண்டாம். அடுத்தது நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி தூரத்தில், இப்படியே இரண்டு பக்கமும். ஒவ்வொன்றுக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி விடுங்கள், கசியும் நீர் வெளியேற வழி வேண்டும். வெட்டிலிருந்து இருபுறமும் 2 முதல் 3 செ.மீ. பிடிப்பு இருக்கட்டும். கடைசியாக முனைகளின் மேல், வெட்டுக்கு இணையாகப் பக்கத்துக்கு ஒன்று ஒட்டினால் முனைகள் தூக்காது, வலுவும் பரவும்.

முடித்ததும் வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்ட்ரிப் முனையைத் தாண்டிய தோலில் மெல்லிய சுருக்கம் ஓடினால் இழுத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள், ஒரு ஸ்ட்ரிப் வீணானால் பரவாயில்லை. விரலால் மெதுவாகச் சேர்த்தும் ஓரங்கள் சேரவில்லை என்றால் அது ஸ்ட்ரிப் போடும் காயமே அல்ல. டாக்டர் உள்ளே கரையும் தையல் போட்டு இழுப்பைக் குறைத்த பிறகு மேலே ஸ்ட்ரிப் ஒட்டலாம்.

புதியவர்கள் நோயாளியிடம் போவதற்கு முன் தங்கள் முன்கையில் இரண்டு ஸ்ட்ரிப் ஒட்டிப் பாருங்கள், ஒன்றை இழுத்து, ஒன்றைத் தளர்வாக. கையை மடக்கி நீட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் எது கடிக்கிறது என்று தோலே சொல்லிவிடும். வயதானவர்களின் மெல்லிய தோலும் நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களின் தோலும் இழுத்தால் கொப்புளத்தோடு நிற்காது, கிழிந்தே வரும். அவர்களுக்கு பென்சாயினும் வேண்டாம்.

விரலைச் சுற்றி வளையமாக ஒட்டுவது

கூடவே கூடாது. வீங்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

மைக்ரோபோர் என்ற காகித டேப்பை வெட்டி ஒட்டுவது

அதில் வலுவான இழை இல்லை, கிருமி நீக்கியதும் இல்லை. காஸைப் பிடித்துவைக்க மட்டும்.

நாய், குரங்கு கடித்த காயத்தை மூடுவது

மூடாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே தடுப்பூசிக்கு அனுப்புங்கள்.

டி.டி. (டெட்டனஸ்) ஊசியை மறப்பது

தையல் இல்லை என்பதால் ஊசி வேண்டாம் என்று ஆகாது. தடுப்பூசி முழுதாகப் போட்டவர் என்றால் கடைசி ஊசி எப்போது என்று கேளுங்கள். அழுக்குக் காயம் என்றால் 5 வருடம், சுத்தமான சின்னக் காயம் என்றால் 10 வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

ஆயின்மென்ட்டும் எண்ணெயும்

ஆயின்மென்ட் தடவினால் பசை கரைந்து ஸ்ட்ரிப் நழுவிவிடும், மருந்துக்கடையில் கொடுத்தாலும் தடவ வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். முதல் 48 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. அதன்பிறகு குளிக்கலாம், தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய் எண்ணெய் மசாஜ் செய்து அருவியில் நிற்கிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சீக்கிரம் உரிப்பது, தப்பாக உரிப்பது

ஒரு வாரத்தில் காயத்துக்குத் திரும்பிய வலு சாதாரணத் தோலின் 3 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும், மூன்றாம் வாரத்தில் 20 சதவீதம் அளவு. மேலே மூடியிருக்கிறதே என்று நாலாம் நாள் பிய்த்தால் வாய் திறந்துகொள்ளும். முகத்தில் 5 முதல் 7 நாள், கை காலில் 10 முதல் 14 நாள் இருக்கட்டும். தானாக விழுந்தால் இன்னும் நல்லது. ஓரம் தூக்கினால் தூக்கிய துண்டை மட்டும் கத்தரியுங்கள். எடுக்கும் நாளில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஒரு முனையிலிருந்து காயம் வரைக்கும் உரித்து நிறுத்தி, மறுமுனையிலிருந்து காயம் வரைக்கும் உரித்து, நடுவில் தூக்குங்கள். ஒரே இழுப்பில் காயத்தைத் தாண்டி உரித்தால் சேர்ந்த ஓரம் மறுபடி பிரியும்.