பல்வலி தானாக நின்றுவிட்டால் கவனம் தேவை
இரவெல்லாம் தெறித்த பல்வலி ஒரு நாள் மருந்தின்றி அடங்கிவிட்டால், பல் குணமாகிவிட்டது என்று நம்மில் பலர் நிம்மதியடைகிறோம். ஆனால் பல்லின் உள்ளே இருக்கும் கூழ் எனப்படும் மென்மையான திசுவும் நரம்பும் செத்துப்போனதாலும் வலி நின்றிருக்கலாம், கிருமித் தொற்று வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் பரவிக்கொண்டிருக்கலாம். கிராம்பு எண்ணெய் வலியைச் சற்று மரத்துப்போகச் செய்யுமே தவிர, தொற்றை நீக்காது. செத்த கூழுக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் அங்கே போய்ச் சேராது.

ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சையில், மரத்துப்போகும் ஊசி போட்டபின் அந்தக் கூழை அகற்றி, வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள். முன்பல்லில் பெரும்பாலும் 1 குழாயே இருக்கும், கடைவாய்ப் பல்லில் 3 அல்லது 4 இருக்கும் என்பதால் சிலமுறை செல்ல வேண்டியிருக்கலாம்.

வலி போனதும் செலவுக்கு அஞ்சிப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். வேர் சிகிச்சைக்குப்பின் கடைவாய்ப் பல்லின்மேல் உறை (கிரவுன்) போடாமல் தள்ளிப்போட்டு, தீபாவளி முறுக்கைக் கடித்துப் பல்லை இரண்டாகப் பிளந்துகொண்டவர்களுக்குப் பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. கோலாலம்பூரில் இருப்பவர்கள் அரசாங்கப் பல் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலத்திலும் கட்டணத்தை விசாரித்துப் பார்க்கலாம்.

வீக்கம் கழுத்துக்கு இறங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், முன்பதிவுக்குக் காத்திராமல் உடனே மலேசியாவின் அவசர உதவி எண்ணான 999-ஐ அழையுங்கள்.